தணிகையின் 365 படிகளும் நம்ம ஒரு வருஷமும்

ஓம் சரவணபவ. 

டிசம்பர் வந்தாச்சு. இனி ஸ்டேட்டஸ் முழுக்க "இந்த வருஷம் எனக்கு என்ன கத்துக் குடுத்துச்சு"ன்னு ரீல்ஸா வரும். 30 செகண்டுல 12 மாசம். சிரிச்ச போட்டோ, டூர் போன போட்டோ, பின்னாடி ஒரு பாட்டு. தப்புன்னு சொல்லல, நானும் போட்டிருக்கேன். ஆனா ஒரு வருஷத்தை உண்மையா திரும்பிப் பார்க்கணும்னா அது போதாது. அதுக்கு நம்ம முருகன் கோயில் ஒண்ணுலயே ஒரு வழி இருக்கு. இன்னிக்குப் பாடம் அதைப் பத்திதான்.

திருத்தணி மலைக்கு 365 படி. வருஷத்துக்கு 365 நாள், நாளுக்கு ஒரு படி என்பது பெரியவங்க சொல்ற கணக்கு. (லீப் வருஷத்துக்கு என்ன பண்றதுன்னு கமெண்ட்ல கேக்காதீங்க. அந்த ஒரு நாளை சன்னிதியில நிக்கிற நாளா வெச்சுக்குவோம்.) ஒவ்வொரு டிசம்பர் 31 அன்னிக்கும் அங்கே திருப்படித் திருவிழா நடக்கும். படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வெச்சு, கற்பூரம் ஏத்தி, பஜனைக் குழுக்கள் திருப்புகழ் பாடிக்கிட்டே ஏறுவாங்க. ராத்திரி 12 மணிக்கு மேல சுவாமி தரிசனம்.

இதை ஆரம்பிச்சு வெச்சவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். மைசூர் அரண்மனையில சமையல் வேலை பார்த்தவர், வயித்து வலியோட பழனிக்கு வந்தவர், அங்கே திருப்புகழைக் கேட்டு அதுக்கே வாழ்க்கையைக் குடுத்தவர். வெள்ளைக்காரன் காலத்துல ஜனவரி 1-ஆம் தேதின்னா, நம்ம ஆளுங்க மாலையும் பழமும் எடுத்துக்கிட்டு துரைமார் பங்களா வாசல்ல போய் நிப்பாங்களாம். அதைப் பார்த்துட்டு, நமக்குப் பெரிய துரை தணிகை மலையில இருக்கான், முதல்ல அவனைப் போய்ப் பாருங்கன்னு சுவாமிகள் கூட்டத்தைப் படிப் பக்கம் திருப்பிவிட்டார். நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னிக்கும் கூட்டம் குறையல.

சரி, ஆறுபடை வீட்டுல வருஷக் கடைசிக்கு தணிகை மட்டும் ஏன் இவ்வளவு பொருத்தம்? பேரைப் பாருங்க. தணிகைன்னா தணிஞ்ச இடம். செருத்தணின்னும் ஒரு பேர் உண்டு. செரு என்றால் போர். சூரபதுமனோட போர் செஞ்ச கோபமும், வள்ளிக்காக வேடர்களோட நின்ன கோபமும் தணிஞ்சு முருகன் வந்து உக்காந்த மலை இது. அதனாலதான் கந்த சஷ்டி ஆறாம் நாள் திருச்செந்தூர் கடற்கரையில சூரசம்ஹாரம் நடக்குறப்போ, திருத்தணியில சம்ஹாரம் கிடையாது. அன்னிக்கு அங்கே பூவால அர்ச்சனை. ஒரே கதை, ஒரே நாள். ஒரு ஊர்ல வேல், இன்னொரு ஊர்ல பூ.

எனக்கு இது ரொம்ப நாளா வெறும் தகவல்தான். போன வருஷம் டிசம்பர் 31 ராத்திரிதான் புரிஞ்சுது. அதைச் சொல்லாம இந்தப் பாடத்தை நடத்த முடியாது, அதனால கொஞ்சம் வீட்டுக் கதை. பொறுத்துக்கோங்க.

எங்க வீடு ஆவடி பக்கம். அந்த வருஷம் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தேன். எடுத்த அடுத்த வாரமே வேலை போச்சு. ஒரு தனியார் கம்பெனியில கணக்கு எழுதுற வேலை. ரெண்டு மாச சம்பளமும் பாக்கி. பங்குனியில ஒரு வரன் வந்துச்சு, வந்த வேகத்துல போச்சு, அதை விடுங்க. வைகாசி விசாகத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி அப்பாவுக்கு நெஞ்சு வலி. ஸ்டென்ட் வெச்சாங்க. காப்பீட்டு அட்டை இருந்ததால பெரிய செலவு தப்பிச்சுது. ஆனா மாத்திரை, ஆட்டோ, சாப்பாடுன்னு சில்லறைச் செலவு இருக்கே, அது ஆளைக் கொன்னுடும். ஆஸ்பத்திரியில நானும் அம்மாவும்தான் மாத்தி மாத்தி இருந்தோம். ஓசூர்ல வேலை பார்க்குற என் தம்பி வரல.

வரவே இல்ல. அது என் மனசுல கல்லு மாதிரி உக்காந்துடுச்சு. ஆடிக் கிருத்திகைக்கு அவன் வீட்டுக்கு வந்தப்போ, சித்தப்பா குடும்பம் மொத்தமும் கூடத்துல உக்காந்திருக்க, கேட்டுட்டேன். "பெத்த அப்பன் ஐசியூல கிடக்குறப்போ வராதவன், பூக்காவடி பார்க்க மட்டும் வந்துட்டியா?" இன்னும் ரெண்டு வார்த்தை கூடச் சொன்னேன், அதை இங்கே எழுத மாட்டேன். அவன் ஒண்ணும் பேசல. சாப்பிடாம பையை எடுத்துட்டுக் கிளம்பிட்டான். அதுக்கப்புறம் ஒரு போன் இல்ல, ஒரு மெசேஜ் இல்ல. ஆவணியில எனக்கு வேற வேலை கிடைச்சுது, அதைக்கூட அவன்கிட்ட சொல்லல.

ஐப்பசியில கந்த சஷ்டி விரதம் இருந்தேன். ஆறு நாளும் மிளகும் தண்ணியும்தான். ஊரே பாராட்டுச்சு. ஆனா உள்ளுக்குள்ள நான் முருகன்கிட்ட என்ன கேட்டேன் தெரியுமா? "அவனுக்குப் புத்தி வரணும், அவன் வந்து என்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்." ஆறு நாள் விரதத்துல ஒரு தடவைகூட எனக்குன்னு எதுவும் கேக்கல. அவன் மேல வேல் விடச் சொல்லித்தான் கேட்டுக்கிட்டிருந்தேன்.

இப்ப படிக்கு வரேன். அன்னிக்கு சாயங்காலம் லோக்கல் ட்ரெயின் பிடிச்சு திருத்தணி போனேன். தனியாத்தான். அடிவாரத்துல நிக்கிறப்போ ஒரு யோசனை வந்துச்சு. படிக்கு ஒரு நாள்னா, ஒவ்வொரு படியிலயும் அந்த நாள் என்ன நடந்துச்சுன்னு ஞாபகப்படுத்திப் பார்ப்போமே. முதல் படி ஜனவரி 1. அம்மா கேசரி பண்ணாங்க. ரெண்டாவது படி? தெரியல. மூணு? தெரியல. மொத்தமா யோசிச்சுப் பார்த்தா 365-ல 40 நாள்கூடத் தேறல. அதுல முக்கால்வாசி அழுத நாள், இல்லைன்னா கோபப்பட்ட நாள்.

நம்ம மனசு அப்படித்தான் சொந்தங்களே. அடிபட்ட நாளை தேதி, நேரம், கட்டியிருந்த துணி உட்பட வெச்சிருக்கும். சாதாரணமா நல்லா போன நாளைக் குப்பையில போட்டுடும். அதனால "இந்த வருஷம் எப்படி?"ன்னு யாராவது கேட்டா, நம்ம வாயில வர்றது அந்த 40 நாளோட தீர்ப்பு. மீதி 325 நாள் சாட்சி சொல்லவே வரல.

முட்டி வலிச்சுது. ஒரு மண்டபத்து ஓரமா உக்காந்தேன். அப்பா ஆபரேஷன் எந்தத் தேதின்னு சரியா ஞாபகம் வரல. அன்னிக்கு மருந்துக்கடைக்கு ஜிபேல பணம் கட்டினது இருக்கும், அதை வெச்சுக் கண்டுபிடிக்கலாம்னு போனைத் திறந்து ஹிஸ்டரியைப் பின்னாடி தள்ளினேன்.

அந்த வாரத்துல தம்பி பேர் நாலு தடவை இருந்துச்சு. 2000. 1500. 3000. கடைசியா ஒரு 500. அந்த 500 வந்தது ராத்திரி 11:40-க்கு. கீழே குறிப்பு: "அப்பாக்கு இளநீர்".

பணம் வந்தது எனக்குத் தெரியாதா? தெரியும். என் கையாலதான் எடுத்துச் செலவு பண்ணேன். ஆனா ஏழு மாசமா அது என் ஞாபகத்துலயே இல்ல. "அவன் எதுவுமே பண்ணல" என்ற கதைக்கு அது ஒத்து வரல, அதனால மனசு தூக்கிப் போட்டுடுச்சு. நான் பொய் சொல்லல. பொய்யை நம்பிக்கிட்டு இருந்தேன். ரெண்டாவதுதான் மோசம், ஏன்னா அதைப் பிடிக்கவே முடியாது.

அங்கேயே உக்காந்து அவனுக்கு மெசேஜ் போட்டேன். "அந்த வாரம் நீ ஏன் வரலைன்னு நான் உன்கிட்ட கேக்கவே இல்ல. இப்ப கேக்கறேன்." பதில் வரல. மேல பஜனைக் கூட்டம் நகர ஆரம்பிச்சுது, நானும் ஏறிட்டேன். பொங்கல் கழிச்சுதான் பதில் வந்துச்சு. அப்போ அவன் ட்ரெய்னியாம். லீவு போட்டா பேரை எடுத்துடுவேன்னு சூப்பர்வைசர் சொல்லியிருக்கார். "வீட்டுல ஏற்கனவே ஒரு வேலை போயிருந்துச்சுல்ல அக்கா"ன்னு எழுதியிருந்தான். அந்தப் போன வேலை என்னோடதுதான்.

இப்ப பாடம். நீங்களும் செஞ்சு பாருங்க, ஒரு நோட்டும் உங்க போனும் போதும்.

மாசக் கணக்குல யோசிக்காதீங்க. "மார்ச்ல என்ன ஆச்சு?"ன்னு கேட்டா மண்டையில ஒண்ணும் வராது. நம்ம அய்யன் வருஷம் முழுக்க ஆணி அடிச்ச மாதிரி நாள் வெச்சிருக்கான். தைப்பூசம், பங்குனி உத்திரம், வைகாசி விசாகம், ஆடிக் கிருத்திகை, கந்த சஷ்டி, திருக்கார்த்திகை. அந்தந்த நாள் எங்கே இருந்தீங்க, யார் கூட இருந்தாங்க, என்ன வேண்டிக்கிட்டீங்கன்னு எழுதுங்க. அதைப் பிடிச்சா முன்னும் பின்னும் இருக்கிற வாரங்கள் தானா வரும். அதுவும் என்ன வேண்டிக்கிட்டோம் என்பதை மறைக்காம எழுதணும். என் சஷ்டி வேண்டுதலை எழுதிப் பார்த்தப்போ எனக்கே கூச்சமா இருந்துச்சு.

அடுத்து, ஞாபகத்தை மட்டும் நம்பாதீங்க. கேலரி, பணம் வந்த போன கணக்கு, கால் லிஸ்ட், பழைய மெசேஜ் எல்லாத்தையும் திறங்க. எனக்கு அதுல தம்பி மட்டும் கிடைக்கல. அப்பா ஆபரேஷனுக்கு அப்புறம் முதல் தடவையா மொட்டை மாடியில நடந்த வீடியோ கிடைச்சுது, 14 செகண்ட். வேலை இல்லாத மூணு மாசம் மாவுக்கடை அக்கா கடன் எழுதி வெச்சு, பின்னாடி மொத்தமா வாங்கிக்கிட்டது கிடைச்சுது. ஒரு தோழி 11 தடவை கூப்பிட்டு நான் எடுக்காத மிஸ்டு கால்களும் கிடைச்சுது. அது என் கணக்குல விழுற பத்து. அதையும் எழுதணும்.

காவடியை நினைச்சுக்கோங்க. இடும்பன் ரெண்டு மலையைத் தண்டோட ரெண்டு பக்கமும் கட்டித்தான் தோள்ல தூக்கினான். ஒரு பக்கம் மட்டும் கட்டினா ரெண்டு அடிகூட நடக்க முடியாது, சாஞ்சுடும். வருஷத்தோட கஷ்டத்தை மட்டும் கட்டினாலும் சாயும். சந்தோஷத்தை மட்டும் கட்டி ரீல்ஸ் போட்டாலும் சாயும்.

ஒரு விஷயத்துல எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. யாராவது கஷ்டத்தைச் சொன்னா உடனே "எல்லாம் நன்மைக்கே, முருகன் சோதிக்கிறான்"னு டைப் பண்ணிட்டுப் போயிடுறோம். அம்மாவைப் பறிகொடுத்த பிள்ளைகிட்டப் போய் அதைச் சொல்லாதீங்க, தயவு செஞ்சு. நடந்த எல்லாத்துக்கும் நன்றி சொல்லணும்னு கட்டாயம் இல்ல. என் பாக்கி சம்பளத்துக்கு நான் யாருக்கும் நன்றி சொல்லல. தொழிலாளர் துறையில மனு குடுத்தேன். ஒரு மாசச் சம்பளம் வந்துச்சு, இன்னொரு மாசம் இன்னும் வரல, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். கோபம் தணியறது வேற, கணக்கை விட்டுக் குடுக்கறது வேற. தணிகையில உக்காந்திருக்கிற முருகன் சூரனை ஜெயிச்சு முடிச்சுட்டு வந்து உக்காந்தவன்தான். சூரன் பண்ணது சரின்னு அவன் எங்கேயும் சொல்லல. ஆனா அந்தச் சூரனையே மயிலாவும் சேவலாவும் தன்கிட்டயே வெச்சுக்கிட்டான்.

அதனால எழுதி முடிச்சதும், ஒவ்வொரு வரியையும் பார்த்து இது இன்னும் செந்தூரா, தணிகையானு கேளுங்க. சிலது இன்னும் சண்டை போட வேண்டிய விஷயமா இருக்கும், போடுங்க. சிலது எப்பவோ முடிஞ்ச போரா இருக்கும், நாமதான் கடற்கரையை விட்டு வராம நின்னுக்கிட்டிருப்போம். என் தம்பி விஷயம் ரெண்டாவது ரகம். அதுல எதிரியே இல்லாம ஏழு மாசம் வேல் வீசிக்கிட்டிருந்தேன்.

திருத்தணிக்குப் போக முடியாதவங்க வீட்டுல விளக்கேத்தி வெச்சுட்டு உக்காந்து எழுதினாலே போதும். போறவங்க ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க, ராத்திரி மலை மேல காத்து அடிக்கும். தண்ணி பாட்டில் மறக்காதீங்க. போன்ல சார்ஜ் இருக்கட்டும், ஏன்னு இப்ப தெரியும்.

இந்த வருஷம் தம்பியும் வரேன்னு சொல்லியிருக்கான். "மலை மேல வரைக்கும் ரோடு இருக்குல்ல அக்கா, பைக்லயே போயிடலாம்"னான். நீ வேணா பைக்ல வா, நான் படியிலதான் வருவேன்னு சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு மெசேஜ் பண்ணான்: "சரி, நானும் படி. ஆனா மெதுவா ஏறணும்."

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா.