புதிதாக ஆங்கிலம் கற்பிக்கப் போகும் தம்பிக்கு

தில்லை நகர்,
திருச்சிராப்பள்ளி.



மண்ணச்சநல்லூர்ப் பக்கத்துப் பள்ளியில் ஆங்கில ஆசிரியனாக உனக்கு நியமனம் கிடைத்த செய்தியையும், அதைத் தொடர்ந்து நீ அடுக்கியிருக்கும் வினாக்களையும் படித்தேன். எந்த முறையைக் கைக்கொள்வது, வகுப்பில் தமிழ் பேசலாமா, இலக்கணத்தை எப்போது தொடங்குவது என்றெல்லாம் கேட்டிருக்கிறாய். பயிற்சிக் கல்லூரியில் முறைகளின் பெயர்களை வரிசையாக ஒப்பித்துத் தேறி வந்தவன், அவற்றுள் எது உத்தமம் என்று ஓய்வு பெற்றவனிடம் வந்து கேட்கிறாய் என்றால், அந்தப் பெயர்கள் உன் மனத்தில் இன்னும் நம்பிக்கையாக ஊன்றவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். அதில் எனக்குச் சந்தோஷமே.

எனக்குள்ள அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாணவனுடைய சித்தம் ஏதேனும் ஒரு விஷயத்தில் ஈடுபட்டு, அதை அறிந்தே தீரவேண்டும் என்ற ஆவலில் இருக்கும்போதுதான், அந்த விஷயத்தைச் சுமந்து வரும் பாஷை அவனை அறியாமலே அவனிடம் தங்குகிறது. பாஷையையே விஷயமாக்கி அவன் முன் வைத்தால், பரீட்சை வரையில் அது நிற்கும். அதற்கப்பால் நிற்பது அபூர்வம்.

நீ வேலை பார்க்கப் போவது கொள்ளிடத்தின் வடகரை. அதே கரையில் கிழக்கே ஏலாக்குறிச்சியில் இருந்துகொண்டு, அந்நிய பாஷை ஒன்றை வளர்ந்த வயதில் கற்று அதில் காவியமே இயற்றிய ஒருவரை நீ அறிவாய். இத்தாலியில் 1680ஆம் ஆண்டு பிறந்து, முப்பதை ஒட்டிய வயதில் தமிழ்நாட்டுக்கு வந்த பெஸ்கி பாதிரியாரை, அதாவது வீரமாமுனிவரைத்தான் சொல்கிறேன். தேம்பாவணியும் சதுரகராதியும் தொன்னூல் விளக்கமும் அவருடைய புலமைக்குச் சாட்சிகள். தமிழ் கற்க வரும் ஐரோப்பியருக்காகப் பேச்சுத் தமிழுக்கு லத்தீனில் இலக்கணமும் செய்தார். ஆனால் அப்படி வருபவர் கையில் படிப்பதற்கென்று அவர் எழுதிக் கொடுத்தது பரமார்த்த குருவின் கதை. ஆறு தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையால் தொட்டுப் பார்க்கும் சீடர்களையும், தன்னை விட்டுவிட்டு எண்ணி ஒருவனைக் காணோமென்று அழும் சீடனையும், பூசணிக்காயைக் குதிரை முட்டையென்று நம்பி வாங்கும் அசட்டுத்தனத்தையும் படித்துச் சிரிக்கிற ஒருவன், வேற்றுமை உருபைப் பற்றிக் கவலைப்படாமலேயே வேற்றுமை உருபுகளைக் கடந்து போகிறான். 1822ஆம் ஆண்டு பாபிங்டன் என்ற ஆங்கிலேயர் அக்கதையை மொழிபெயர்ப்போடு லண்டனில் அச்சிட்டதும், தமிழ் பயிலும் தம் தேசத்தாரை மனத்தில் வைத்துத்தான். ஆசிரியரையும் மாணாக்கரையும் சேர்த்தே பரிகசிக்கும் ஒரு புத்தகம் இந்த நாட்டின் பழைய பாஷாபோதினிகளுள் ஒன்றாக அமைந்திருப்பதை நான் அவ்வப்போது நினைத்து ரசிப்பதுண்டு; நம் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த நினைவு உடம்புக்கு நல்லது.

“அந்தக் காலத்து ஆங்கிலம்” என்று பெரியவர்கள் பெருமூச்சு விடுவதை உன் பள்ளியிலும் கேட்பாய். உடனே மகாகனம் ஸ்ரீநிவாச சாஸ்திரியாரின் பெயர் வரும். ஆங்கிலப் பேச்சால் உலகப் புகழ் பெற்ற அவர், அரசியலுக்கு வருமுன் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து நம் தொழிலையே செய்தவர் என்பதில் நமக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஆனால் அவர் படித்த கும்பகோணம் அரசுக் கல்லூரியிலேதான், 1904இல் சேர்ந்த கணித மேதை ராமானுஜன் ஆங்கிலத்தில் தவறி உதவித்தொகையை இழந்தார் என்பதை அந்தப் பெரியவர்கள் சேர்த்துச் சொல்வதில்லை. ஒரு சாஸ்திரியாரை உண்டாக்கிய பெருமையைப் பெற்றுக்கொள்ளும் கல்விமுறை, வாசலோடு திருப்பி அனுப்பியவர்களின் கணக்கையும் ஏற்கத்தான் வேண்டும். அதே ராமானுஜன் 1913ஆம் ஆண்டு ஜனவரியில், சென்னைத் துறைமுகக் கழகத்துக் குமாஸ்தாவாக இருந்துகொண்டு, கேம்பிரிட்ஜிலிருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினார். ஹார்டியை நிமிர்ந்து உட்காரவைத்தது அந்தக் கடிதத்தின் வாக்கிய நடையன்று, அதிலிருந்த தேற்றங்கள். சொல்வதற்கு ஒன்று உள்ளவனுக்கு அதைச் சொல்லப் போதுமான ஆங்கிலம் எப்படியோ சேர்ந்துவிடுகிறது. சொல்வதற்கு ஒன்றுமில்லாதபடி வகுப்பில் உட்காரவைக்கப்பட்டவனுக்கு எத்தனை ஆங்கிலம் கொடுத்தாலும் அவன் அதைக் கொண்டு என்ன செய்வான்?

இனி முறைகளைப் பற்றி. 1950களில் சென்னை ராஜ்யத்துப் பள்ளிகளில் வாக்கிய அமைப்புகளைப் படிப்படியாக அடுக்கிய பாடத்திட்டம் ஒன்று வந்தது. ஆசிரியர் கதவை நோக்கி நடந்துகொண்டே, “ஐ ஆம் கோயிங் டு தி டோர்” என்பார். பிள்ளைகள், “யூ ஆர் கோயிங் டு தி டோர்” என்று கூவுவார்கள். ஆயிரக்கணக்கான ஆசிரியர்களுக்கு இதில் பயிற்சி அளித்தார்கள்; 1958இல் ஹைதராபாத்தில் மத்திய ஆங்கில நிறுவனமும் தோன்றியது. அந்த முயற்சியை நான் இகழமாட்டேன், ஏனெனில் அர்த்தமறியாமல் பாடத்தை நெட்டுருப் போடும் வழக்கத்திலிருந்து, பிள்ளைகள் வாயைத் திறந்து வாக்கியம் பேசும் நிலைக்கு வகுப்பை அது கொண்டுவந்தது. என்றாலும், கதவை நோக்கி நடப்பவர் கதவை நோக்கி நடக்கிறார் என்பது அறையிலுள்ள யாவருக்கும் பிரத்தியட்சம். தெரிந்ததையே தெரிவிக்கும் சம்பாஷணையில் எந்தக் குழந்தைக்கு எத்தனை நாள் சுவாரசியம் இருக்கும்?

இந்தக் குறையைத் தென்னிந்தியாவிலேயே ஒருவர் ஆழ்ந்து ஆராய்ந்தார். அப்போது சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என்.எஸ். பிரபு, பெங்களூரிலிருந்த தென்னிந்திய மண்டல ஆங்கில நிறுவனத்தின் துணையோடு, 1979 முதல் 1984 வரை சில பள்ளிகளில் ஒரு பரிசோதனை நடத்தினார். இன்ன வாரத்தில் இன்ன வாக்கிய அமைப்பு என்ற பட்டியலையே அகற்றிவிட்டு, அதன் இடத்தில் புதிர்களையும் காரியங்களையும் வைத்தார்: ரயில் நேர அட்டவணை, ஊர்ப் படம், நாட்காட்டி, தூரக் கணக்கு. முதலில் ஆசிரியர் ஒரு கணக்கை வகுப்போடு சேர்ந்து வாய்விட்டு ஆராய்வார். பிறகு அதைப் போன்ற மற்றொன்றை மாணவர்கள் தனித்தனியாகச் செய்வார்கள். விடை சரியா என்பதற்கே மதிப்பெண், வாக்கியத்தின் அழகுக்கு அன்று. குழுக்களாகப் பிரித்துப் பேசவிடுவதில் அவருக்கு அவ்வளவு விருப்பமில்லை. பிள்ளைகள் ஒருவர் பிழையை ஒருவர் கற்றுக்கொள்ளக் கூடும் என்று எண்ணினார். வகுப்பில் பாதிப் பேராவது காரியத்தில் பாதியையாவது சரியாகச் செய்தால், அந்தப் பணி தகுந்த கடினமுடையது என்பது அவருடைய அளவுகோல். இந்த அளவுகோலை நீ அப்படியே எடுத்துக்கொள்ளலாம், ஏனெனில் எல்லாரும் எல்லாவற்றையும் சரியாகச் செய்கிற வகுப்பில் புதிதாக ஒன்றும் நிகழவில்லை என்று அது உனக்கு எச்சரிக்கும்.

அந்தப் பரிசோதனை முழு வெற்றி என்று உனக்குச் சொன்னால் அது அசத்தியமாகும். பின்னர் அதை மதிப்பிட்டபோது, வாக்கிய அமைப்பைச் சோதிக்கும் தேர்வில் பழைய முறையில் பயின்ற பிள்ளைகள் நன்றாகச் செய்தார்கள். பொருளறிந்து செய்யவேண்டிய தேர்வுகளில் பிரபுவின் பிள்ளைகள் மேலோங்கினார்கள். தேர்ந்த சிலர் கையில் ஓங்கிய முறை, சாதாரண ஆசிரியர் கையில் அவ்வளவு ஓங்கவில்லை என்ற விமரிசனமும் உண்டு. எந்த முறைக்கும் இந்தக் கதி உண்டென்பதால் அந்த விமரிசனம் என்னை அதிகம் அசைக்கவில்லை.

உன் வகுப்புக்கு இதை எப்படிக் கொண்டுவருவது? ஸ்ரீரங்கத்தின் வீதிகளைக் கரும்பலகையில் சதுரத்துக்குள் சதுரமாக வரை. உன் பிள்ளைகளில் அந்த வீதிகளில் நடக்காதவர் அநேகமாக இருக்கமாட்டார்கள். தெற்கு ராஜகோபுரத்து வாசலில் ஒருவர் நிற்கிறார்; அவர் வடக்குச் சித்திரை வீதியில் ஒரு வீட்டுக்குப் போகவேண்டும்; சித்திரைத் தேரோ கிழக்குச் சித்திரை வீதியில் ஜனத்திரளோடு நிற்கிறது. “விச் வே ஷுட் ஹி கோ? ஒய்?” என்று கேள். மேற்கே போகலாமென்று ஒருவன் சொன்னால், தேர் தெற்கு வீதியைக் கடந்து மேற்கு வீதிக்குத் திரும்பிவிட்டது என்று நீ அடுத்த நிமிஷமே படத்தை மாற்று. லெஃப்ட், ரைட், பிஃபோர், ஆஃப்டர், இஃப், பிகாஸ் என்ற சொற்களெல்லாம் தாமாக வந்து வரிசையில் நிற்கும். அவற்றின் இலக்கணப் பெயர்கள் அன்றைக்கு எவருக்கும் தேவைப்படா.

வகுப்பில் தமிழ் பேசலாமா என்பது உன் இரண்டாவது வினா. பேசலாம். தமிழில் பேசினால் அபராதம் விதிக்கும் பள்ளிகள் நம் ஊரிலும் உண்டு. அந்தக் காசினால் அங்கே விளைவது ஆங்கிலமன்று, மௌனம். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த எனக்கு இரண்டு பாஷைகள் ஒரே திண்ணையில் உட்காருவது விநோதமாகத் தோன்றியதே இல்லை. வைணவ ஆசாரியர் நம்பிள்ளை திருவாய்மொழிக்குச் சொல்லிவந்த பொருளை வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏட்டில் எழுதி வைத்ததுதான் ஈடு முப்பத்தாறாயிரப்படி. தமிழும் சம்ஸ்கிருதமும் பிரித்தெடுக்க முடியாதபடி கலந்த மணிப்பிரவாளத்தில் அமைந்தது அது. அதன் போதனா முறையில் உனக்கு உபயோகமான ஒன்று இருக்கிறது. பாசுரத்துக்குள் நுழையுமுன் ஓர் அவதாரிகை வரும்: ஆழ்வார் எந்த மனநிலையில் நிற்கிறார், முந்தின பாசுரத்துக்குப் பின் இது ஏன் வந்தது என்று கேட்பவன் மனத்தைத் தயார்செய்த பிறகே பதப்பொருள் தொடங்கும். நீயும் ஆங்கிலப் பாடத்தைத் திறக்குமுன் அதன் அவதாரிகையைத் தமிழில் சொல். அடுத்து இன்னது நடக்கப்போகிறது என்று பிள்ளைகள் ஊகிக்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, மீதியை ஆங்கிலத்திலேயே தேடிக்கொள்ளவிடு. ஆனால் ஒவ்வொரு வாக்கியத்தையும் படித்து உடனே தமிழில் மாற்றிச் சொல்லும் வழக்கத்துக்குப் போகாதே. தமிழ் வரும் என்று தெரிந்த பிள்ளை ஆங்கிலத்துக்குக் காதைத் திறக்காது. அதன் மேல் பிசகில்லை.

இலக்கணத்துக்கு அவசரமில்லை. ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகம் உன் மேசையில் இருக்கட்டும், அவர்கள் மேசைக்கு இப்போது வேண்டாம். எட்டாம் வகுப்புக்கு மேல், தாம் ஏற்கெனவே சொல்லிப் பழகியதன் ஒழுங்கை அறிய ஆசைப்படும் வயதில், அதைத் திறந்தால் அவர்களுக்கே ருசிக்கும். உச்சரிப்பில், கேட்பவனுக்கு விளங்கினால் போதும்; ஸ்கூலை இஸ்கூல் என்பவனை வகுப்பார் சிரிக்கும்படி திருத்தாதே. பத்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களில் பழைய வினாத்தாள்களைத் தாராளமாகச் செய்யவை. அவர்களுக்கு மதிப்பெண் தேவை. அதை நம்முடைய கொள்கைக்குப் பலியிட நமக்கு உரிமையில்லை. ஆயினும் மதிப்பெண்ணோடு ஆங்கிலமும் வந்துவிடுவதில்லை: இங்கே தில்லை நகரின் குறுக்குத் தெருக்களில், முப்பது நாளில் ஆங்கிலம் என்று எழுதிய பலகைகளை நாள்தோறும் பார்த்துக்கொண்டு நடக்கிறேன். அங்கே போகிறவர்களில் பலர் பள்ளியில் பத்தாண்டுக்கு மேல் ஆங்கிலப் பாடம் கேட்டவர்கள் என்பதால், அந்தப் பலகைகளைப் பார்த்து நான் சிரிப்பதில்லை.

எந்த முறை என்ற உன் முதல் வினாவைப் பற்றிப் பிரபுவே 1990ஆம் ஆண்டு ஒரு கட்டுரை எழுதினார். யாவருக்கும் பொருந்தும் உத்தம முறை என்று ஒன்று இல்லை; கற்பித்தல் எவ்வாறு பலிக்கிறது என்று ஆசிரியன் தன் அனுபவத்தால் தானே கொண்ட நம்பிக்கை உயிரோடு இருக்கிறதா, இயந்திரமாகிவிட்டதா என்பதே முக்கியம் என்பது அதன் சாரம். தமக்கென்று ஒரு முறையைக் கண்டு பெயர்பெற்ற ஒருவர் இவ்வாறு எழுதியதனால் அவரிடம் எனக்கு மதிப்புக் கூடிற்று. ஆகையால் மேலே நான் எழுதியதையும் நீ பரிசோதித்துத்தான் ஏற்கவேண்டும். அதற்கு ஓர் உபாயம் சொல்கிறேன். ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள். ஒவ்வொரு நாளும் வகுப்பு முடிந்ததும், பாடத்துக்குத் தேவையில்லாத கேள்வி ஒன்றைத் தானாக விரும்பிக் கேட்ட பிள்ளை யார், எந்த இடத்தில் கேட்டது, எந்தப் பாஷையில் கேட்டது என்று மட்டும் எழுது. ஒருவரும் கேட்காத நாளில் தேதியை எழுதி வெறுமையாக விடு. அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் உட்கார்ந்து படித்துப் பார்த்து, எதை மாற்றவேண்டும் என்று நீயே தீர்மானித்துக்கொள். அந்த நோட்டை எனக்குக் காட்டவேண்டியதில்லை.

இப்படிக்கு,
உன் நலம் நாடும்
பழைய ஆசிரியன்