நகர வாழ்வும் போக்குவரத்து நெரிசலும்: கொழும்பு மாநகர் பற்றிய ஓர் ஆய்வு



நகராக்கம் பற்றிய வினா வந்தால் நம்மில் பலர் "கொழும்பில் சனத்தொகை அதிகம், ஆகவே நெரிசல் அதிகம்" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகின்றனர். அந்த வரி பிழையல்ல. ஆனால் அது அரைவாசி விடையே. மீதி அரைவாசியை இப்பாடத்தில் பார்ப்போம். பரீட்சைக்குப் பின்னரும் இது உங்களுக்கு உதவும். உயர்கல்விக்கோ, தொழிலுக்கோ, வைத்தியத்துக்கோ நம்மில் அநேகர் என்றோ ஒருநாள் இரவு பஸ்ஸில் ஏறி விடியற்காலையில் புறக்கோட்டையில் இறங்கத்தான் போகிறோம்.

1. இரவுச் சனத்தொகையும் பகற் சனத்தொகையும்

கொழும்பு மாநகர சபையின் பரப்பளவு ஏறத்தாழ 37 சதுர கிலோமீற்றர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அங்கு வசித்தோர் ஏறத்தாழ 5 இலட்சத்து 60 ஆயிரம் பேர். சனத்தொகையைப் பரப்பளவால் வகுத்துப் பாருங்கள். ஒரு சதுர கிலோமீற்றருக்குச் சுமார் 15,000 பேர் என விடை வரும். இதுவே சனத்தொகை அடர்த்தி.

இங்கே ஒரு விடயத்தைக் கவனியுங்கள். குடிசன மதிப்பீடு ஒருவரை அவர் வசிக்கும் இடத்தில் கணக்கெடுக்கின்றது. வேலை செய்யும் இடத்தில் அல்ல. கம்பஹா, றாகம, மொறட்டுவ, பாணந்துறை, ஹோமாகம போன்ற இடங்களில் வசிப்போர் காலையில் கொழும்புக்கு வந்து மாலையில் திரும்புகின்றனர். இவர்கள் கொழும்பு மாநகரின் கணக்கில் இல்லை. ஆனால் அதன் வீதிகளில் இருக்கின்றனர். எனவே நெரிசலுக்குக் காரணம் அங்கு வாழும் சனம் மட்டுமல்ல, நாள்தோறும் வந்து போகும் சனமும்தான். காலையிலும் மாலையிலும் நெரிசல் உச்சமடைவது இதனாலேயே.

2. எல்லோரும் கொழும்புக்கு வருவது ஏன்?

(அ) துறைமுகம்: 1875இல் தொடங்கிய தென்மேற்கு அலைதடுப்புச் சுவரின் வேலை 1885இல் நிறைவடைந்தது. அதன்பின் காலித் துறைமுகத்தின் முக்கியத்துவம் குறைந்து கொழும்பு முதலிடம் பெற்றது.

(ஆ) புகையிரதப் பாதை: முதற் பாதை 1864இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரையும், 1867இல் கண்டி வரையும் திறக்கப்பட்டது. மலைநாட்டுக் கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுவருவதே அதன் முதன்மை நோக்கம்.

(இ) பெருந்தெருக்கள்: கண்டி வீதி (ஏ1), காலி வீதி (ஏ2), ஹைலெவல் வீதி (ஏ4) என்பன கொழும்பிலிருந்து விசிறி போல விரிகின்றன. ஓரிடத்திலிருந்து விரியும் பாதைகள் எல்லோரையும் அதே இடத்துக்கே கொண்டுவந்து சேர்க்கும்.

(ஈ) நிருவாகமும் சேவைகளும்: 1982இல் பாராளுமன்றம் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டைக்கு மாற்றப்பட்டது. பரீட்சைத் திணைக்களம் உட்படப் பல அலுவலகங்கள் பத்தரமுல்லையில் உள்ளன. ஆனால் அதுவும் கொழும்பை அடுத்த பகுதியே. ஆகவே பயணத்தின் திசை பெரிதாக மாறவில்லை.

இவ்வாறு துறைமுகம், வர்த்தகம், நிருவாகம், கல்வி, வைத்தியம் ஆகிய அனைத்தும் ஒரே நகரில் குவிந்து, அந்நகரம் நாட்டின் ஏனைய நகரங்களைவிடப் பன்மடங்கு பெரிதாக வளர்ந்தால் அதனை முதன்மை நகரம் என்பர்.

3. நகரில் பயணிக்கும் முறைகள்

பஸ்: 1958 ஜனவரி 1ஆந் திகதி பஸ் சேவை தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானது. 1979 முதல் தனியார் பஸ்களுக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டது. இன்று இரண்டும் ஓடுகின்றன. தனியார் பஸ் ஊழியரின் வருமானம் பெரும்பாலும் அன்றைய வசூலில் தங்கியுள்ளது. அதனால்தான் ஒரு தரிப்பிடத்தில் ஆள் நிரம்பும்வரை நிற்பதும், அடுத்த தரிப்பிடம்வரை போட்டியிட்டு ஓடுவதும் நடக்கின்றன. இதைச் சாரதியின் குணக்கேடு என்று மட்டும் எழுதினால் காரணத்தைத் தவறவிடுவீர்கள்.

புகையிரதம்: கரையோரப் பாதை கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை வழியாகச் செல்கின்றது. களனிவெளிப் பாதை நுகேகொட, மஹரகம வழியாக அவிசாவளை செல்கின்றது. பருவச்சீட்டு எடுத்த ஊழியர்களால் அலுவலகப் புகையிரதங்கள் நிரம்பி வழியும். மிதிபலகையில் தொங்குவோரும் உண்டு.

முச்சக்கர வண்டி, மோட்டார் சைக்கிள், கார்: வீட்டு வாசலிலிருந்து செல்லலாம் என்பதே இவற்றின் வசதி. ஆனால் சிலரைக் கொண்டுசெல்வதற்கே வீதியில் அதிக இடம் வேண்டும். ஒரு காரின் நீளம் 4 மீற்றர், அதில் இருவர் என்று கொள்வோம். 50 பேருக்கு 25 கார்கள் தேவை. இடைவெளியின்றி நிறுத்தினாலும் 100 மீற்றர். அதே 50 பேரும் ஏறும் பஸ்ஸின் நீளம் 12 மீற்றருக்கு உட்பட்டதே. இந்தக் கணக்கை விடையில் ஓரிரு வரிகளில் எழுதினால் உங்கள் விளக்கம் உறுதிபெறும்.

அறிந்துகொள்க: கொழும்பு வீதிகளில் 1899இல் மின்சார ட்ராம் வண்டிகள் ஓடத் தொடங்கின. அவை 1960இல் நிறுத்தப்பட்டன. 1953இல் வந்த ட்ரொலி பஸ்களும் 1964இல் மறைந்தன.

4. வாழ்க்கையோடு ஒரு பயிற்சி

உங்கள் உம்மம்மாவை மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லவேண்டியுள்ளது. புறக்கோட்டையில் இறங்கிவிட்டீர்கள். சிங்களம் சரளமாகத் தெரியாது. என்ன செய்வீர்கள்?

முதலில் பஸ்ஸின் எண்ணைப் பாருங்கள். எண்ணுக்கு மொழி இல்லை. 138ஆம் இலக்கப் பஸ் புறக்கோட்டையிலிருந்து ஹைலெவல் வீதி வழியே நுகேகொடவைத் தாண்டி மஹரகம செல்லும். 100ஆம் இலக்கம் காலி வீதி வழியே பாணந்துறை செல்லும். ஏறும்போதே இறங்கும் இடத்தை நடத்துனரிடம் சொல்லிவையுங்கள். சில்லறைக் காசைக் கையில் வைத்திருங்கள். இறங்கும் இடத்துக்குச் சற்று முன்னரே எழுந்து "பஹினவா" (இறங்கப் போகிறேன்) என்று சொன்னால் போதும். நோயாளியுடன் செல்வோர் இயன்றவரை காலை நெரிசல் தொடங்குமுன் புறப்படுவது நல்லது.

இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். கோட்டைப் புகையிரத நிலையம் பெயரில்தான் கோட்டை, அமைந்திருப்பது புறக்கோட்டையில். இது தெரியாமல் பஸ்ஸால் இறங்கி, பக்கத்திலுள்ள நிலையத்துக்கு முச்சக்கர வண்டி பிடித்தவர்களும் உண்டு.

நீங்கள் வியக்கக்கூடிய செய்தி ஒன்று: 138 ஓடும் அந்த ஹைலெவல் வீதியே ஏ4 பெருந்தெரு. அது இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில், அக்கரைப்பற்று வழியாக வந்து, நமது கல்முனைக் கடைத்தெருவை ஊடறுத்து மட்டக்களப்பை அடைகின்றது. மஹரகமவில் நெரியும் வீதியும் கல்முனைச் சந்தியில் நெரியும் வீதியும் ஒன்றுதான்.

5. தீர்வுகளும் அவற்றின் எல்லைகளும்

2011இல் தெற்கு அதிவேகப் பாதையும் 2013இல் கட்டுநாயக்க அதிவேகப் பாதையும் திறக்கப்பட்டன. இவை தூரப் பயணத்தை விரைவாக்கின. ஆனால் விரைவாக வந்த வாகனம் நகர வாசலில் மீண்டும் வரிசையில் நிற்கவேண்டியுள்ளது. ஜப்பானிய உதவியுடன் திட்டமிடப்பட்ட இலகு புகையிரதத் திட்டம், செலவு அதிகம் எனக் கூறி 2020இல் கைவிடப்பட்டது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கியூஆர் குறியீட்டு முறையில் வாராந்தப் பங்கீடு வந்தது. அந்நாட்களில் பலர் சைக்கிளுக்குத் திரும்பினர். அரச ஊழியர் சிலர் வீட்டிலிருந்தே பணிபுரிந்தனர். எல்லாப் பயணமும் தவிர்க்க முடியாதது அல்ல என்பதை அந்த நெருக்கடி காட்டியது.

ஆகவே தீர்வுகளை இரண்டாக வகுத்து எழுதுங்கள். ஒன்று, பயணத்தை இலகுவாக்குவது: தரமான பஸ், புகையிரத சேவை, பஸ்ஸுக்குத் தனி ஒழுங்கை, நடைபாதை. மற்றையது, பயணத்தின் தேவையைக் குறைப்பது: சேவைகளை மாவட்டங்களுக்குப் பரவலாக்குதல். கல்முனையில் புகையிரத நிலையம் இல்லை, கிட்டியது மட்டக்களப்பே. ஆகவே கொழும்பில் மட்டும் முடியும் ஒவ்வோர் அலுவலும் நம்மவருக்கு ஓர் இரவுப் பயணம், ஒரு நாட்சம்பளம். பரவலாக்கம் என்ற சொல்லின் பொருள் நமக்கு இதுதான்.

6. மாதிரி வினாவும் விடையும்

வினா: கொழும்பு நகரின் போக்குவரத்து நெரிசலுக்கான காரணம் ஒன்றை விளக்கி, அதனைக் குறைக்கும் வழி ஒன்றைக் கூறுக.

குறைந்த புள்ளி பெறும் விடை: "வாகனம் கூட. வீதியை அகலமாக்க வேண்டும்."

நல்ல விடை: "நிருவாக, வர்த்தக, வைத்திய சேவைகள் கொழும்பில் குவிந்திருப்பதால் அயற் பிரதேசத்தாரும் தூர மாவட்டத்தாரும் நாள்தோறும் அங்கு வருகின்றனர். இதனால் காலை, மாலை வேளைகளில் வீதிகள் தாங்கும் அளவைவிட வாகனங்கள் அதிகரிக்கின்றன. இச்சேவைகளின் கிளைகளை மாவட்டங்களில் நிறுவினால் பயணத் தேவை குறையும், நெரிசலும் குறையும்."

வேறுபாட்டைக் கவனியுங்கள். இரண்டாம் விடையில் கூறப்பட்ட காரணத்தையே தீர்வு நீக்குகின்றது. காரணம் ஒன்றாகவும் தீர்வு வேறொன்றாகவும் எழுதாதீர்கள்.

7. பயிற்சி

(1) குடிசன மதிப்பீட்டுச் சனத்தொகை கொழும்பின் பகல்நேர நெரிசலை முழுமையாகக் காட்டாதது ஏன்?
(2) முதன்மை நகரம் என்பதை விளக்குக.
(3) கல்முனைக் கடைத்தெருவில் காலையில் அரை மணிநேரம் நின்று செல்லும் வாகனங்களை வகைப்படுத்தி எண்ணுக. அவற்றுள் நெரிசலைக் கூட்டுவன எவை, குறைப்பன எவை எனக் காரணத்துடன் எழுதுக.

மூன்றாவது வினாவைத் தட்டிக்கழிக்க வேண்டாம். கையில் ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். கண்ணால் கண்டு எழுதிய விடை பரீட்சை மண்டபத்தில் மறக்காது.