தண்டை ஒடி, மண்ணை விசாரி

கீரை பறிக்கப் புதிதாகக் கிளம்பும் பிள்ளைகளுக்கு, மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு பாட்டி சொல்வது.

1. ஒரே ஒரு கீரையில் தொடங்குங்கள்: பருப்புக்கீரை. மலாய்க்கார அக்காவைக் கேட்டால் கெலாங் பாசிர் என்பார். தண்டு வழுவழுவென்று சிவந்திருக்கும். இலை தடித்து, நுனி உருண்டிருக்கும். சின்ன மஞ்சள் பூ வெயிலுக்குத்தான் விரியும். முற்றிய காய் மூடி கழன்று, பொடிப்பொடியாய்க் கறுப்பு விதையைக் கொட்டும்.

2. ஒவ்வொரு தண்டையும் ஒடித்துப் பாருங்கள். தண்ணீர் கசிந்தால் கூடைக்கு. பால் வடிந்தால் அது சித்திரப்பாலாடை, அப்படியே போட்டுவிடுங்கள். இரண்டும் ஒரே இடத்தில் தரையோடு படரும், பின்னியும் கிடக்கும். சித்திரப்பாலாடை மருந்துச்செடி, கடைந்து சாப்பிடும் கீரை அல்ல.

3. கடலோர மணலில் இளஞ்சிவப்பு நட்சத்திரப் பூவோடு படர்வது வங்கராவாசி. உப்பை இலைக்குள்ளேயே சேர்த்து வைத்திருக்கும். கொதிநீரில் போட்டு வடித்துவிட்டுச் சமையுங்கள். ருசி பார்க்காமல் உப்புப் போடாதீர்கள். பிலிப்பைன்சில் இதில் ஊறுகாயே போடுகிறார்கள். மணலைப் பிடித்து வைத்திருக்கும் செடி என்பதால் நுனியை மட்டும் கிள்ளுங்கள்.

4. செடியை ஒரு வாரத்தில் கற்றுவிடலாம், மண்ணைக் கற்கத்தான் நாளாகும். பிறை தொழிற்பேட்டைக் கால்வாய், ஜூரு ஆற்றங்கரை, லோரி ஓடும் சாலையோரம் மூன்றும் வேண்டாம். உப்பை இழுக்கும் செடி ஈயத்தையும் காட்மியத்தையும் இழுக்கும். உள்ளே போன ஈயம் கழுவினால் போகாது.

5. என் அம்மா தோட்டத்தில் மருந்துப் பம்பை முதுகில் சுமந்து களைக்கு அடித்தவர். அந்தப் பாரகுவாட்டுக்கு 2020 சனவரி 1 முதல் இங்கே தடை. மற்ற களைக்கொல்லிகள் கடையில் இன்னும் இருக்கின்றன. புல் பட்டையாக மஞ்சளடித்த இடத்தில் கை வைக்காதீர்கள். நேற்று மருந்தடித்த புல் இன்று பச்சையாகவே நிற்கும். அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டுப் பறியுங்கள்.

6. காய்ந்த நாட்களில் பருப்புக்கீரை இரவெல்லாம் புளிப்பைச் சேர்க்கும். புளிப்பு பிடித்தால் விடியலில், பிடிக்காவிட்டால் சாயங்காலம் பறியுங்கள்.

7. பருப்புக்கீரையில் ஆக்சலேட் அதிகம். வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். சிறுநீரகக் கல் உள்ளவருக்குப் பரிமாற வேண்டாம்.

8. நம்பிக்கையான மண் அகப்படவில்லையா? பருப்புக்கீரையில் ஒரு தண்டை ஒடித்துப் பூச்சட்டியில் ஊன்றுங்கள், வேர்விடும். அதன் தளிரைக் கிள்ளும்போது யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. மண் நீங்கள் போட்டது.