மழைக்காலம் முடியட்டும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. டெட்சாவிலிருந்து நீ போட்ட கடிதம் வந்து சேர்ந்தது. வகுப்பில் பாதிப் பேர் வருவதில்லை, பெற்றோருக்குப் படிப்பில் அக்கறையே இல்லை என்று எழுதியிருக்கிறாய். இரண்டாவதாகச் சொன்னதை மனசிலிருந்து அடித்துவிடு.

இது ஜனவரி மாதம். மலாவியில் நவம்பர், டிசம்பரில் மழை இறங்கியதும் மக்காச்சோளம் ஊன்றுவார்கள். அறுவடை ஏப்ரல், மே மாதங்களில். பெரும்பாலான குடும்பங்களுக்கு வானம் பார்த்த அந்த ஒரு வெள்ளாமைதான். போன வருஷத்துச் சோளம் பல வீடுகளில் கிறிஸ்துமஸுக்குள் தீர்ந்துபோகும். அதற்குப் பிறகு மார்ச் வரைக்கும் வயல் பச்சைப் பசேலென்று நிற்கும், வீட்டில் மாவு இருக்காது. பிள்ளைகளும் பெரியவர்களோடு அடுத்தவர் வயலுக்குக் களையெடுக்கப் போவார்கள். ‘கன்யு’ என்பார்கள் அந்தக் கூலி வேலையை. கூலியாகப் பலநேரம் மாவோ சோளமோதான் கிடைக்கும். வராத பையன் எங்கே என்று அவன் கூட்டாளியிடம் தனியாகக் கேட்டுப் பார். வந்தவுடன் அவனை எல்லார் முன்னாலும் நிற்கவைத்து விசாரிக்காதே. விட்ட கணக்கை மாலையில் உட்கார்ந்து சொல்லிக்கொடு, அது போதும். ஒரு மழைக்காலம் முழுக்க அந்த மக்களோடு இருந்து பார்க்காமல் அவர்களைப் பற்றி எந்த முடிவுக்கும் வராதே என்பதுதான் என் முதல் வேண்டுகோள்.

பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒவ்வொருவரும் நிறுத்தி நலம் விசாரிக்கிறார்கள், நேரம் போகிறது என்கிறாய். பத்து நிமிஷம் முன்னால் கிளம்பு. காலையில் ‘ம்வாட்ஸுகா ப்வாஞ்சி’ என்று கேட்டால், நின்று பதில் சொல்லி, நீயும் திருப்பிக் கேட்டுவிட்டுப் போ. அங்கே மரியாதை என்பதே அதில்தான் தொடங்குகிறது. யாராவது ஒன்று கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கு.

சாப்பிடக் கூப்பிட்டால், பஞ்ச மாதமாயிற்றே என்று தயங்கி மறுத்துவிடாதே, மனம் நோவார்கள். ஜாடித் தண்ணீரை உன் கையில் ஊற்றிக் கழுவவைப்பார்கள். ந்சிமா நம் களி மாதிரிதான், வெள்ளையாக இருக்கும். வலக்கையால் கொஞ்சம் கிள்ளி உருட்டி, கட்டைவிரலால் குழித்து, பூசணி இலைக் கறியைத் தொட்டுச் சாப்பிடு. பசியே இல்லை என்றாலும் இரண்டு வாய் சாப்பிடு. அடுத்த முறை போகும்போது சர்க்கரையோ உப்போ கொண்டுபோ.

உன்னைக் கடைக்கார வீட்டுப் பெண் என்று நினைக்கிறார்கள் என்று வருத்தப்பட்டிருந்தாய். அதற்குக் காரணம் இருக்கிறது. 1970களில் ஹேஸ்டிங்ஸ் பாண்டாவின் ஆட்சி, கிராமங்களில் கடை வைத்திருந்த இந்தியர்களைப் பெரிய நகரங்களுக்குள் ஒதுக்கியது. அதிலிருந்து கிராமத்து மக்கள் இந்தியர்களைப் பார்ப்பது பெரும்பாலும் நகரத்துக் கல்லாவுக்குப் பின்னால்தான். பருப்புக்கும் புளிக்கும் லிலாங்வேயில் அந்தக் கடைகளுக்குத்தான் போகவேண்டும், போய் வா. ஆனால் சனி, ஞாயிறு தவறாமல் அங்கேயே கிடக்காதே. கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் ஊரில் இரு. முக்கியமாகத் துக்கத்துக்கு. அங்கே போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும், யார் வந்தார்கள் என்பதை மறக்கமாட்டார்கள்.

உடம்பு விஷயத்தில் பிடிவாதமாகச் சொல்கிறேன். கொசுவலை இல்லாமல் ஒரு ராத்திரிகூடப் படுக்காதே. காய்ச்சல் வந்தால் மாத்திரை போட்டு நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதே, அன்றைக்கே மலேரியா பரிசோதனை செய்துவிடு. மலாவி ஏரி கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும், ஆனால் அதன் கரையோரத்து நத்தைகளிடமிருந்து பில்ஹார்சியா தொற்றும். குளிக்க ஆசைப்பட்டு இறங்கிவிட்டால், பிறகு டாக்டரிடம் மறைக்காமல் சொல். ஜூன், ஜூலையில் டெட்சா மேட்டில் குளிர் அடிக்கும், அம்மாவிடம் ஸ்வெட்டர் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

பள்ளியில் நூலகம் ஆரம்பிக்கும் உன் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. அதைத் தலைமையாசிரியரிடமும் ஊர்த் தலைவரிடமும் அறுவடை முடிந்த பிறகு பேசு. நீ கிளம்பிய பின் சாவி யாரிடம் இருக்கும் என்று அப்போதே கேள். உள்ளூர் ஆசிரியர் ஒருவர் அந்தச் சாவியை வாங்கிக்கொள்ள முன்வந்தால் எனக்கு எழுது, புத்தகம் சேர்க்கிற வேலையை நான் இங்கே தொடங்குகிறேன்.

அன்புடன்,
பெரியப்பா