கெரென்சியா என்றொரு சொல்



நம் மலரில் வழக்கமாக லேத், பாய்லர், டிரான்ஸ்ஃபார்மர் என்றுதான் கட்டுரைகள் வரும். நான் ஒரே ஒரு ஸ்பானிஷ் சொல்லைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். "மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு ஸ்பானிஷ் எதுக்குடா?" என்று கேட்பீர்கள். முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

சொல்லும் வேரும்

அந்தச் சொல் 'கெரென்சியா'. லத்தீன் அமெரிக்காவில் இப்படிச் சொல்கிறார்கள். ஸ்பெயினின் பெரும்பகுதியில் நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்து 'கெரென்தியா' என்பார்கள். ஓர் உயிர் 'இங்கே இருந்தால் எனக்கு ஒன்றும் ஆகாது' என்று நம்புகிற இடம் கெரென்சியா. வளர்ந்த இடத்துக்கே திரும்பிப் போகச் சொல்லும் இழுப்புக்கும் இதே பெயர்தான்.

விரும்புதல், நேசித்தல் என்ற பொருளுள்ள 'கெரெர்' என்ற வினையிலிருந்து இது பிறந்தது. அதற்கும் பின்னால் லத்தீனில் தேடுதல், கேட்டல் என்ற பொருளில் 'க்வைரெரே' இருக்கிறது. வருஷத்துக்கு இரண்டு தடவை நம்மைப் படுத்தும் கொஸ்டின் பேப்பரில் இருக்கிற 'கொஸ்டின்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் அதே லத்தீன் வேர்தான். தேடுவது விரும்புவதாகி, விரும்புவது கடைசியில் ஓர் இடத்தின் பெயராகிவிட்டது.

வளையத்துக்குள்

இந்தச் சொல் உலகம் முழுக்கத் தெரிய வந்தது ஸ்பெயினின் காளைச் சண்டையால். இது நம் ஜல்லிக்கட்டு மாதிரி இல்லை. முடிவில் காளையைக் கொன்றுவிடுவார்கள். நாலு வயது தாண்டும் வரை காளை மேய்ச்சல் நிலத்தில் சுதந்திரமாக வளர்கிறது. தரையில் நின்று துணி காட்டும் மனிதனை அதுவரை அது எதிர்கொண்டிருக்கக் கூடாது என்பது விதி. அப்படிப்பட்ட காளை, ஒருநாள் கதவு திறந்து மணல் பரப்பிய வட்டத்துக்குள் விடப்படுகிறது. 1931-ல் திறக்கப்பட்ட மாட்ரிட் நகரின் லாஸ் வென்டாஸ் அரங்கில் அந்த வட்டம் சுமார் 60 மீட்டர் அகலம். ஒதுங்குவதற்கு ஒரு மூலைகூட வட்டத்தில் கிடையாது.

ஆனாலும் காளை தனக்கென்று ஒரு மூலையை உண்டாக்கிக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய் நிற்க ஆரம்பிக்கும். அந்த இடம்தான் அதன் கெரென்சியா.

இது இரண்டு வகை. ஒன்று இயற்கையானது. தான் உள்ளே வந்த கதவின் பக்கமோ, சுற்றியிருக்கும் மரத்தடுப்பின் ஓரமோ போய் நிற்கும். இன்னொன்று சண்டையின் நடுவில் அமைவது. ஓர் இடத்தில் எதிரியின் குதிரையை முட்டிச் சாய்த்திருந்தால், அந்த இடத்தைக் காளை தன்னுடையதாக எடுத்துக்கொள்ளும். ஒரு தடவை ஜெயித்த இடம் அது!

கெரென்சியாவில் நிற்கும் காளையிடம் நெருங்கிப் போவது ஆபத்து. அது பாய்ந்து வராது, காத்திருந்து குத்தும். எழுத்தாளர் ஹெமிங்வே 1932-ல் வெளியிட்ட 'டெத் இன் தி ஆஃப்டர்நூன்' நூலில் இதை விளக்கமாக எழுதியிருக்கிறார். அதனால்தான் உதவியாளர்கள் துணியை வீசி வீசிக் காளையை வெளியே இழுக்கப் பார்ப்பார்கள்.

கிண்ணமும் குண்டும்

அப்ளைடு மெக்கானிக்ஸில் 'ஸ்டேபிள் ஈக்விலிப்ரியம்' படித்தோமே, அதுதான் இது. கிண்ணத்துக்குள் ஒரு குண்டைப் போட்டுத் தள்ளிவிட்டால், ஆடி அடங்கித் தன் பழைய இடத்துக்கே வந்து சேரும். காளைக்குக் கெரென்சியாதான் கிண்ணத்தின் அடி.

இதில் ஒரு சிக்கல் உண்டு. குண்டு எங்கே திரும்பி வரும் என்று தள்ளினவனுக்கும் தெரியும். கெரென்சியாவை நோக்கிக் காளை அதிக வேகத்தோடு ஓடும் என்பது கைதேர்ந்த மட்டாடருக்குத் தெரியும். அந்த ஓட்டத்தையே தன் வித்தைக்குப் பயன்படுத்திக்கொள்வான். பலம் தரும் இடமே காளையைக் காட்டிக்கொடுத்தும் விடுகிறது.

மண்ணும் உழைப்பும்

சாவில் முடிகிற ஆட்டத்திலிருந்து வாழ்க்கைக்குப் பாடம் எடுக்கலாமா என்று நானும் யோசித்தேன். ஆனால் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், ஸ்பானிஷ் பேசும் கிராமத்து மக்கள் இதே சொல்லைத் தங்கள் மண்ணின் மேலுள்ள பற்றுக்குச் சொல்கிறார்கள். 2020-ல் அங்குள்ள பல்கலைக்கழகப் பதிப்பகம் இந்தச் சொல்லைத் தலைப்பாக வைத்து ஒரு கட்டுரைத் தொகுப்பே வெளியிட்டது. அங்கே 'அசேகியா' என்ற பாசன வாய்க்கால்கள் உண்டு. பெயர் அரபியிலிருந்து ஸ்பெயின் வழியாக வந்தது. ஒவ்வொரு வசந்த காலத்திலும் தண்ணீர் விடுவதற்கு முன் ஊரே மண்வெட்டியோடு இறங்கி வாய்க்காலைத் தூர்வாரும். சும்மா குடியிருந்தால் மட்டும் ஓர் இடம் கெரென்சியா ஆகிவிடாது, கைபட உழைத்தால்தான் ஆகும் என்று இதிலிருந்து எனக்குப் புரிந்தது.

நமக்கு

முதல் வருஷம் நம்மோடு ஹாஸ்டலில் சேர்ந்து, முதல் லீவுக்கு ஊருக்குப் போய், பெட்டியை எடுக்க மட்டும் திரும்பி வந்த நண்பர்களை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களுக்குப் படிப்பு வராமல் இல்லை. வந்த கதவு ஒன்றுதான் பத்திரமான இடம் என்று மனசு இழுத்துவிட்டது. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான்தான். "இது இப்படித்தான்டா இருக்கும், பயப்படாதே" என்று சொல்ல வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்த இழுப்பு எவ்வளவு பலமானது என்று எனக்கும் தெரியும்.

என்னை இங்கே நிறுத்தியது இரண்டாவது வகைக் கெரென்சியா. ஃபிட்டிங் ஷாப்பில் நாள் கணக்காக அரம் பிடித்தபின் ஒருநாள், ட்ரை ஸ்கொயரை வைத்துப் பார்த்தேன். துளி வெளிச்சம்கூடக் கசியவில்லை. அன்றிலிருந்து அந்த மூன்றாவது பெஞ்ச் வைஸ் என் இடமாகிவிட்டது.

காளைக்கு அந்த வட்டத்தை விட்டு வெளியே வழியில்லை. நமக்கு இருக்கிறது. டிப்ளமோ முடிந்ததும் ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், கோவை என்று தெரியாத ஊருக்குத்தான் பலரும் போகப் போகிறோம். பிறந்த வீட்டைக் கூடவே தூக்கிக்கொண்டு போக முடியாது. போன இடத்தில் முதல் மாசத்துக்குள் ஒரு வேலையை, சின்ன வேலையாக இருந்தாலும் பரவாயில்லை, பிசிறில்லாமல் செய்து முடியுங்கள். அந்த இடம் உங்களுடையதாகிவிடும். அங்கேயே ஒடுங்கி நிற்காமல், மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த வேலைக்குக் கிளம்புங்கள்.

இப்போது திட்டுவதானால் திட்டலாம்!