துப்பாக்கி உடையோரும் பொது வானொலியும்: அமெரிக்க நேயர் வழக்கம் பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

வானொலியின் குரல் எல்லார்க்கும் பொதுவானது. கேட்பவன் எக்கட்சியினன், எத்தொழிலினன், அவன் வீட்டில் என்ன வைத்திருக்கிறான் என்றெல்லாம் ஒலிபரப்புக் கோபுரம் வினவுவதில்லை. ஆனால் கேட்பவனோ தேர்ந்தெடுத்தே கேட்கிறான். எந்த நிலையத்தைத் திருப்புவது, யார் சொல்வதை நம்புவது, எதை ஐயுறுவது என்பவற்றை அவனுடைய வாழிடமும் தொழிலும் அரசியலும் பெரிதும் முடிவு செய்கின்றன. இதனை விளக்க ஐக்கிய அமெரிக்க நாடுகளில் ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. அங்கே துப்பாக்கி உடையோர் ஒரு பெருந்தொகையினர். பொது வானொலியோ நாடெங்கும் கிளை பரப்பிய ஓர் அமைப்பு. இவ்விரு தரப்பும் ஒன்றையொன்று வெறுப்பவை என்னும் எண்ணம் அந்நாட்டில் பரவலாக உள்ளது. அவ்வெண்ணம் எவ்வளவு தூரம் உண்மை, எவ்விடத்தில் பிழைபடுகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொது வானொலி என்பது யாது?

பொது வானொலி என்றதும் நமக்கு ஆகாசவாணி நினைவுக்கு வரும். அமெரிக்கப் பொது வானொலி அத்தகையதன்று. பல்கலைக்கழகங்களும் ஊர்ப் பொது அமைப்புகளும் உரிமம் பெற்று நடத்தும் நூற்றுக்கணக்கான தனித்தனி நிலையங்களின் தொகுதியே அது. பண்பலையில் 88 முதல் 92 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி, வணிக நோக்கமற்ற நிலையங்களுக்கென்றே அங்கு ஒதுக்கப்பட்டுள்ளது.

1967-ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் கையொப்பமிட்ட பொது ஒலிபரப்புச் சட்டத்தினால் பொது ஒலிபரப்புக் கழகம் தோன்றியது. அரசு தரும் பணத்தை நிலையங்களுக்குப் பகிர்ந்தளிப்பதும், அப்பணத்தைக் காட்டி அரசு செய்தியில் தலையிடாதவாறு இடையில் நிற்பதும் அக்கழகத்தின் பணிகளாக இருந்தன. 1970-இல் தேசியப் பொது வானொலி, அதாவது என்.பி.ஆர்., நிறுவப்பட்டது. அதன் மாலைச் செய்தி நிகழ்ச்சியான 'ஆல் திங்ஸ் கன்சிடர்டு' 1971 மே 3-ஆம் நாளும், காலை நிகழ்ச்சியான 'மார்னிங் எடிஷன்' 1979 நவம்பரிலும் தொடங்கின. நேயர்கள் தரும் நன்கொடை, நிறுவனங்களின் ஆதரவு, அரசின் உதவி ஆகிய மூன்றுமே நிலையங்களைத் தாங்கி வந்தன. அரசின் பங்கு சராசரியாகப் பத்தில் ஒன்று என்னும் அளவினதாகவே இருந்தது. ஆயினும் மக்கள் குறைந்த தொலைதூரப் பகுதிகளில் அப்பங்கு மிகப் பெரிதாக இருந்தது. இதனைப் பின்னர்க் காண்போம்.

துப்பாக்கி உடையோர் யாவர்?

நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றமாகும். அமெரிக்காவிலோ 1791-இல் நிறைவேறிய இரண்டாம் அரசியல் சட்டத் திருத்தம் ஆயுதம் வைத்திருப்பதை ஓர் உரிமையாகக் கூறுகிறது. 2008-இல் ஹெல்லர் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதனைத் தனிமனித உரிமையென்றே உறுதி செய்தது.

ப்யூ ஆய்வு மையம் 2023-இல் எடுத்த கணக்கின்படி, வயது வந்த அமெரிக்கரில் 32 விழுக்காட்டினர் தமக்குச் சொந்தமாகத் துப்பாக்கி இருப்பதாகக் கூறினர். நாட்டுப்புறத்தில் வாழ்வோரில் இது 47 விழுக்காடு. நகரத்தாரில் 20 விழுக்காடு. குடியரசுக் கட்சிச் சார்புடையோரில் 45 விழுக்காடு. ஜனநாயகக் கட்சிச் சார்புடையோரில் 20 விழுக்காடு. ஆண்களில் 40 விழுக்காடு. பெண்களில் 25 விழுக்காடு. வைத்திருப்பதற்குத் தற்காப்பு ஒரு முக்கியக் காரணம் என்று துப்பாக்கி உடையோரில் 72 விழுக்காட்டினர் கூறினர்.

இக்கணக்கில் ஒரு நுட்பம் உண்டு. நகரத்தாரில் ஐவருள் ஒருவரும், ஜனநாயகக் கட்சியினரில் ஐவருள் ஒருவரும் துப்பாக்கி உடையோரே. ஆகவே 'துப்பாக்கி உடையோர்' என்னும் ஒரே பெயரின்கீழ் மான் வேட்டையாடும் விவசாயியும், பெருநகரில் தனித்து வாழும் ஆசிரியையும், ஓய்வு பெற்ற படைவீரரும் அடங்குவர். இவர்கள் அனைவரும் ஒரே நிலையத்தைக் கேட்பார்கள் என்று எண்ணுதல் பொருந்தாது.

கேட்கும் வழக்கம் பற்றிய கணக்குகள்

2014-இல் ப்யூ ஆய்வு மையம் அரசியல் பிளவும் செய்திப் பழக்கமும் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. அரசியல் செய்திக்குத் தாம் முதன்மையாக நம்புவது ஃபாக்ஸ் தொலைக்காட்சியையே என்று உறுதியான பழமைச் சார்பினரில் 47 விழுக்காட்டினர் கூறினர். உறுதியான தாராளச் சார்பினரோ ஒரே மூலத்தை நாடாது பலவற்றில் பிரிந்து நின்றனர். அவர்களில் 13 விழுக்காட்டினர் என்.பி.ஆர். வானொலியைக் குறிப்பிட்டனர்.

என்.பி.ஆர். நிறுவனத்தின் மூத்த ஆசிரியராயிருந்த யூரி பெர்லினர் 2024 ஏப்ரலில் எழுதிய கட்டுரையில் வேறொரு கணக்கைத் தந்தார். 2011-இல் நேயர்களில் 26 விழுக்காட்டினர் தம்மைப் பழமைச் சார்பினர் என்றனர். 2023-இல் அது 11 விழுக்காடாகக் குறைந்தது. தாராளச் சார்பினர் 37 விழுக்காட்டிலிருந்து 67 விழுக்காடாகப் பெருகினர். நிறுவனத்தின் தலைமை ஆசிரியர் அவருடைய குற்றச்சாட்டை மறுத்தார். பெர்லினர் சில நாட்களில் பதவி விலகினார்.

துப்பாக்கி உடைமை பற்றிய கணக்கையும் வானொலிக் கணக்கையும் அடுத்தடுத்து வைத்தால், துப்பாக்கி மிகுந்த தரப்பும் பொது வானொலி மிகுந்த தரப்பும் எதிரெதிராகத் தோன்றும். ஆனால் இரு கணக்கிலும் தெரிவது கட்சிச் சார்பின் நிழலே. 'துப்பாக்கி வைத்திருப்பதால் கேட்கவில்லை' என்று அதனை மாற்றிப் படிப்பது, புள்ளியியல் பயிலும் மாணவர் யாவரும் தவிர்க்க வேண்டிய தவறாகும்.

விலகல் நேர்ந்த வகை

1949 முதல் நடைமுறையிலிருந்த நடுநிலைக் கோட்பாடு, ஒலிபரப்பு நிலையங்கள் பொதுப் பிரச்சினைகளில் மாறுபட்ட கருத்துகளுக்கும் இடந்தர வேண்டும் என்று வற்புறுத்தியது. 1987-இல் அக்கோட்பாடு கைவிடப்பட்டது. மறு ஆண்டே ரஷ் லிம்பா நாடு தழுவிய பேச்சு நிகழ்ச்சியைத் தொடங்கினார். நேயர்கள் தொலைபேசியில் அழைத்துத் தம் கருத்தைத் தாமே கூறும் வணிக வானொலி வேகமாக வளர்ந்தது. 1995-இல் டாம் கிரெஷாம் 'கன் டாக்' என்னும் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியைத் தொடங்கினார். அதில் துப்பாக்கி உடையோர் கேட்பவராக மட்டும் இருக்கவில்லை, பேசுபவராகவும் ஆயினர். தம்மைப் பற்றிப் பிறர் பேசுவதைக் கேட்பதற்கும் தாமே பேசுவதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் எளிதில் உணரலாம்.

2011-இல் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி இவ்விலகலை மேலும் வளர்த்தது. என்.பி.ஆர். நிறுவனத்தில் நிதி திரட்டும் பொறுப்பிலிருந்த ஓர் அதிகாரி, பழமைச் சார்பான ஓர் இயக்கத்தாரைத் துப்பாக்கி ஏந்தித் திரிபவர் என்றும் இனவெறியர் என்றும் இழித்துப் பேசியதாக மறைவில் எடுக்கப்பட்ட ஒளிப்பதிவு வெளியாயிற்று. முழுப் பதிவை ஆராய்ந்தோர், அப்பேச்சில் பெரும்பகுதி பிறர் கூறியதை அவர் எடுத்துரைத்ததே என்று பின்னர்ச் சுட்டிக்காட்டினர். ஆயினும் அதற்குள் நிறுவனத் தலைவர் பதவி விலகிவிட்டார். வெட்டி ஒட்டிய பதிவு பரவிய வேகத்தில் விளக்கம் பரவவில்லை.

நிறுவனத்தின் உள்ளிருந்தே இதனை எண்ணிப் பார்த்தவரும் உண்டு. ஒரு காலத்தில் என்.பி.ஆர். தலைமை நிர்வாகியாயிருந்த கென் ஸ்டெர்ன், பழமைச் சார்பினரிடையே ஓராண்டு பழகி 2017-இல் ஒரு நூல் எழுதினார். டெக்சஸில் பன்றி வேட்டைக்கும் சென்றார். துப்பாக்கியால் ஒருவர் தம்மைக் காத்துக்கொண்ட நிகழ்ச்சிகள் செய்திகளில் அரிதாகவே இடம்பெறுகின்றன என்பது அவர் கண்ட குறைகளுள் ஒன்று.

சொற்பிழையும் நம்பிக்கையும்

துப்பாக்கி உடையோர் செய்தி ஊடகங்கள் மீது கூறும் மற்றொரு குறை சொற்களைப் பற்றியது. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு மட்டுமே வெளிப்படும் துப்பாக்கி அரைத் தானியங்கி. விசையைப் பிடித்திருக்கும் வரை குண்டுகள் தொடர்ந்து வெளிப்படுவது முழுத் தானியங்கி. 1986 மே மாதத்திற்குப் பின் செய்யப்பட்ட முழுத் தானியங்கிகளைப் பொதுமக்களுக்கு விற்றல் அங்கே சட்டப்படி தடை செய்யப்பட்டுள்ளது. ஏ.ஆர்.-15 என்னும் பெயரிலுள்ள 'ஏ.ஆர்.' தாக்குதல் துப்பாக்கி என்பதன் சுருக்கமன்று. அதனை வடிவமைத்த ஆர்மலைட் நிறுவனத்தின் பெயரிலிருந்து வந்தது. இவற்றைச் செய்தியாளர் குழப்பும்போது, அறிந்த நேயர் சினம் கொள்கிறார்.

இச்சினத்தை அற்பமென்று தள்ளலாகாது. வேளாண் நிகழ்ச்சியில் குறுவையையும் சம்பாவையும் மாற்றிக் கூறினால் தஞ்சை விவசாயி என்ன நினைப்பார்? நான் அறிந்த பொருளிலேயே இவர் தவறினால், நான் அறியாதவற்றில் இவரை எப்படி நம்புவது என்றுதானே நினைப்பார்? அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2022-இல் தன் நடைக் கையேட்டில், அரசியல் நிறம் ஏறிய 'தாக்குதல் துப்பாக்கி' போன்ற சொற்களைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தியது இங்குக் கருதத்தக்கது.

பொது வானொலியும் முயலாமல் இல்லை. 2018-இல் பத்துப் பொது நிலையங்கள் ஒன்றுகூடி, துப்பாக்கிக்கும் அமெரிக்க வாழ்வுக்கும் உள்ள தொடர்பை ஆராயும் கூட்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கின. துப்பாக்கி உரிமையில் சற்றும் விட்டுக்கொடாத இயக்கங்களைப் பற்றி என்.பி.ஆர். வெளியிட்ட 'நோ காம்ப்ரமைஸ்' தொடர் 2021-இல் புலிட்சர் பரிசு பெற்றது.

அலாஸ்கா காட்டும் மறுபக்கம்

இதுவரை கண்டது விலகல். இனி நெருக்கத்தைக் காண்போம். அலாஸ்கா மாநிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வீடுகளில் துப்பாக்கி இருப்பதாக ராண்ட் நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அம்மாநிலத்தின் மேற்கில், குஸ்கோக்விம் ஆற்றங்கரையில் பெத்தல் என்னும் ஊர் உள்ளது. வெளியுலகோடு அதனை இணைக்கும் சாலை இல்லை. சுற்றியுள்ள சிற்றூர்களில் வாழும் யூபிக் மக்கள் மீனும் கடமானும் கடல்நாயும் உணவாகக் கொள்வோர். அங்கே துப்பாக்கி என்பது நம் உழவர் வீட்டு மண்வெட்டி போன்றது.

இம்மக்களுக்கு 1971 முதல் ஒலிபரப்பி வரும் பொது வானொலி நிலையம் கே.ஒய்.யு.கே. ஆங்கிலத்திலும் யூபிக் மொழியிலும் அது பேசுகிறது. ஆற்றின் நிலை, மீன்பிடிக்கத் திறந்த நாட்கள், வானிலை, ஊர்ச் செய்தி ஆகியவை அதன் வழியே வீடுதோறும் செல்கின்றன. அதன் வருமானத்தில் சுமார் 70 விழுக்காடு பொது ஒலிபரப்புக் கழகத்திடமிருந்தே வந்தது. துப்பாக்கி மிகுந்த இப்பகுதியில் பொது வானொலி அயலாரின் குரலன்று. தம் சொந்தக் குரல்.

2025 ஜூலையில் அமெரிக்கக் காங்கிரஸ், கழகத்திற்கென ஈராண்டுக்கு ஒதுக்கியிருந்த சுமார் 110 கோடி டாலரைத் திரும்பப் பெற்றது. அலாஸ்காவின் குடியரசுக் கட்சி செனட்டர் லிசா முர்கௌஸ்கி தம் கட்சியை மீறி எதிர்த்து வாக்களித்தார். ஆகஸ்டில் கழகம் தன் பணிகளை முடித்துக்கொள்ளப் போவதாக அறிவித்தது. அக்டோபரில் ஹாலோங் புயலின் எச்சம் அதே மேற்கு அலாஸ்காக் கரையைத் தாக்கி, கிப்னுக், குவிகில்லிங்கோக் ஆகிய ஊர்களைச் சிதைத்தது; ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வீடிழந்தனர். அத்தகைய நேரத்தில் ஊர் மொழியில் பேசும் நிலையத்தின் தேவையைத் தனியே விளக்க வேண்டுவதில்லை. பெருநகர நிலையங்கள் நேயர் நன்கொடையால் தாங்கிக்கொள்ளக்கூடிய அடியை, வேட்டையாடி வாழும் சிற்றூர்களின் நிலையங்களே நேராக ஏற்க நேர்ந்தது.

உயிரோடு இயைந்த கேள்வி

கேட்பதும் கேளாமையும் வெறும் விருப்பம் பற்றிய செய்தி ஆகாதோ என்று ஒருவர் வினவலாம். 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் 48,830 பேர் இறந்தனர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். ஆகவே துப்பாக்கி பற்றிய எச்சரிக்கை முதலில் சென்று சேர வேண்டிய இடம் துப்பாக்கி உள்ள வீடே. மனம் கலங்கிய காலத்தில் துப்பாக்கியை வேறிடத்தில் பூட்டி வைத்தல் உயிரைக் காக்கும் என்னும் அறிவுரை, தம்மை இழிவாக எண்ணுகிறவரிடமிருந்து வந்தால் எவரும் செவிகொடார். நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் 2009-க்குப் பின் துப்பாக்கிக் கடைக்காரர்களே பொதுநல ஊழியரோடு சேர்ந்து இவ்வறிவுரையைத் தம் கடைகளில் வைத்தனர். சொன்னவர் தம்மவர் என்பதே அம்முயற்சியின் வலிமை.

முடிவுரை

2025-இல் ப்யூ மையம் எடுத்த கணக்கில், பொது ஒலிபரப்புக்கு அரசு உதவி தொடர வேண்டும் என்றோர் 43 விழுக்காடு. நிறுத்த வேண்டும் என்றோர் 24 விழுக்காடு. முடிவு செய்யாதோர் 33 விழுக்காடு. மூவரில் ஒருவர் இன்னும் தீர்மானிக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. சண்டையிடுவோரின் கூச்சலுக்கு நடுவே அவர்கள் அமைதியாக உள்ளனர்.

துப்பாக்கி உடைமை ஒருவரைப் பொது வானொலியிலிருந்து பிரிப்பதில்லை. வானொலி தம்மை ஆராய்ச்சிப் பொருளாகக் கருதுகிறதா, நேயராகக் கருதுகிறதா என்பதே அவரைப் பிரிக்கிறது அல்லது சேர்க்கிறது. பெத்தல் ஊரின் வேட்டைக்காரர் கேட்கிறார். ஏனெனில் அவருடைய ஆற்றைப் பற்றி அவருடைய மொழியில் அது பேசுகிறது. டெக்சஸ் வேட்டைக்காரர் கேட்க வேண்டுமானால், அவர் கையிலுள்ள கருவியின் பெயரையேனும் பிழையின்றிச் சொல்லக் கற்க வேண்டும். அதுபோன்றே, தமக்கு ஒவ்வாத செய்தி வரும்போதெல்லாம் நிலையத்தை மாற்றிவிடும் வழக்கத்தை நேயரும் விடுதல் வேண்டும். பொதுவானது என்ற பெயர், இரு தரப்பாரும் உழைத்துக் காக்க வேண்டிய பெயராகும்.