கருப்பைவாய்ப் புற்றுநோய்: இனம்தான் காரணமா?

கேள்வி: அமெரிக்காவில் வெள்ளையினப் பெண்களைவிடக் கறுப்பினப் பெண்கள் கருப்பைவாய்ப் புற்றுநோயால் அதிகம் இறக்கிறார்களாமே, டாக்டர்? உடல்வாகு காரணமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: உடல்வாகை முதல் காரணமாகச் சொல்ல மாட்டேன் அம்மா. எந்த இனமானாலும் இந்தப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் எச்.பி.வி. வைரஸ்தான் காரணம். தொற்று புற்றாக முற்றப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் பரிசோதனையில் தெரிந்துவிட்டால் தடுத்துவிடலாம். காப்பீடு இல்லாதவர்கள், அருகில் மகளிர் மருத்துவர் இல்லாதவர்கள், சந்தேகத்துக்குரிய முடிவு வந்த பிறகும் தொடர் சிகிச்சை கிடைக்காதவர்கள் அந்த வாய்ப்பை இழக்கிறார்கள். கறுப்பினப் பெண்களில் பலருக்கு நோய் முற்றிய பிறகே தெரியவருகிறது. கதிரியக்கப் பொருளைக் கருப்பைவாய்க்கு மிக அருகில் வைத்துத் தரும் பிராக்கிதெரபி முற்றிய நோய்க்கு மிக முக்கியம். அதுவும் அவர்களுக்குக் குறைவாகவே கிடைக்கிறது. இது அநீதி.

இரு இனப் பெண்களின் இறப்பில் உள்ள இடைவெளியைப் பழைய கணக்கு குறைத்துக் காட்டியது. கருப்பை முழுவதுமாக அகற்றப்பட்டவர்களுக்குப் பொதுவாக இந்த நோய் வராது. ஆனால் அவர்களையும் சேர்த்தே விகிதம் போட்டார்கள். அந்த அறுவை சிகிச்சை கறுப்பினப் பெண்களுக்கு அதிகம் நடக்கிறது. 2017இல் வெளியான ஓர் ஆய்வு கருப்பை அகற்றப்பட்டவர்களை நீக்கிக் கணக்கிட்டது. லட்சத்துக்கு 5.7 என்றிருந்த கறுப்பினப் பெண்களின் இறப்பு 10.1 ஆனது, வெள்ளையினப் பெண்களுக்கு 3.2 என்பது 4.7 ஆனது.

பரிசோதனையை எளிதாக்க வழி உண்டு. நியூசிலாந்தில் 2023 செப்டம்பர் முதல் எச்.பி.வி. பரிசோதனைக்குப் பெண்கள் தாங்களே மாதிரி எடுத்துத் தரலாம். அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிப் பெண்களுக்கு அது இலவசம். கூச்சத்தால் ஒதுங்கியவர்களுக்கு இது பெரிய உதவி.

உங்களுக்கு 30 வயது கடந்திருந்தால், அரசு மருத்துவமனையில் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். தள்ளிப்போடாதீர்கள்.